ஒருவருக்கு அனுமதி, மற்றவருக்குக் காத்திருப்பு

கொச்சி மட்டாஞ்சேரியில், அரண்மனையின் மதிலை ஒட்டித் தெற்கே இறங்கினால் ஜூ டவுன் என்னும் சிறு தெரு தொடங்குகிறது. அதன் ஒரு முனையில் 1568ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் நிற்கிறது. சீனத்திலிருந்து வந்த, கையால் வரையப்பட்ட நீல வெள்ளை ஓடுகளையும், கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்குகளையும், 18ஆம் நூற்றாண்டின் மணிக்கூண்டையும் காண நாள்தோறும் பயணிகள் வருகின்றனர். சுக்கும் மிளகும் மணக்கும் கிடங்குகள், பழம்பொருள் கடைகள், சால்வை விற்கும் காஷ்மீரத்து வணிகர்கள் என்று தெரு எப்போதும் நிறைந்தே இருக்கிறது. பரதேசி என்ற சொல் தமிழில் இன்று இரந்து உண்பவரைக் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கொச்சியில் அது தன் பழைய பொருளிலேயே, பிற தேயத்திலிருந்து வந்தவர் என்ற பொருளிலேயே, இன்றும் நிற்கிறது.

அந்தத் தெருவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது அனுமதிக்காகக் காத்திருந்தவர்களின் வரலாறு. கணவருக்கோ மனைவிக்கோ வெளிநாட்டு விசா நேர்காணல் நெருங்கும் வேளையில் உறக்கமின்றிக் கிடக்கும் நம் வாசகர் குடும்பங்கள் பல. அவர்கள் படும் பாடு புதிதன்று என்பதை இந்தத் தெருவைப் போல் எடுத்துக்காட்டும் இடம் தென்னகத்தில் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் வாழ்ந்தனர். மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று என அவர்களுக்கு எட்டு ஜெப ஆலயங்கள் இருந்தன. மட்டாஞ்சேரியின் மூன்றில் பரதேசி ஆலயம் ஒன்று. மற்ற இரண்டும் கடவும்பாகம், தெக்கும்பாகம் எனப்பட்டன. பரதேசிகள் எண்ணிக்கையில் சிலரே. பெரும்பான்மையினர் மலபார் யூதர் எனப்பட்ட பழங்குடியினர். சிறு வணிகம் செய்தும், மீனும் கோழியும் முட்டையும் விற்றும் வாழ்ந்தவர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேட்டைத் தங்கள் உரிமை ஆவணமாகப் போற்றியவர்கள். போர்த்துகீசியர் காலத்துக் கொடுமைகள் நீங்கலாக, இந்த மண்ணில் அவர்கள் பெரும்பாலும் அமைதியாகவே வாழ்ந்தனர். எனினும் 1948இல் இஸ்ரேல் உருவானதும், தங்கள் வழிபாட்டில் நாள்தோறும் நினைவுகூர்ந்த நாட்டுக்குச் செல்ல வேண்டும் என்ற விருப்பம் அவர்களிடையே பரவியது.

1950ஆம் ஆண்டு ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் இயற்றிய திரும்பும் உரிமைச் சட்டம், குடியேற விரும்பும் ஒவ்வொரு யூதருக்கும் விசா உண்டு என்று அறிவித்தது. வாசல் முழுவதும் திறந்தாயிற்று என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அதே பிரிவின் உள்ளே ஒரு விலக்கு இருந்தது: விண்ணப்பிப்பவர் பொதுச் சுகாதாரத்துக்கோ நாட்டின் பாதுகாப்புக்கோ ஊறு விளைவிக்கக் கூடியவர் என்று அமைச்சர் கருதினால் விசா மறுக்கப்படலாம். கொச்சிக்காரர்களின் பயணம் அந்த ஒரு தொடரில் சிக்கிக்கொண்டது.

காரணம் யானைக்கால் நோய். கொச்சிப் பகுதியில் அது அந்நாளில் எவ்வளவு பரவியிருந்தது என்றால், ஆங்கில மருத்துவ நூல்களே அதற்குக் 'கொச்சிக் கால்' என்று ஒரு பெயர் வைத்திருந்தன. மலையாளத்தில் அது மந்து. நாறாணத்துப் பிராந்தன் கதையை அறியாத கேரளத்தவர் இல்லை. வரம் கேள் என்று வற்புறுத்திய காளியிடம், ஒரு காலில் உள்ள மந்தை மறு காலுக்கு மாற்றித் தா என்று அவன் கேட்டானாம். நோயோடு அவ்வளவு இயல்பாகப் பழகிய நிலம் அது. இஸ்ரேலின் சுகாதார அதிகாரிகளோ அந்த நோய் தங்கள் நாட்டுக் கொசுக்களின் வழியே பரவிவிடுமோ என்று அஞ்சினர். அதற்கு மேல், 1951 நவம்பரில் அந்நாடு வகுத்த தேர்வு முறை, குடியேறுவோரில் பெரும்பகுதியினர் இளையோராகவும் உழைக்க வல்லவராகவும் இருக்க வேண்டும் என்றும், மருத்துவச் சோதனையில் தேற வேண்டும் என்றும் வரையறுத்தது.

இந்த நோயின் தன்மையைச் சற்று அறிந்தால்தான் அந்தக் குடும்பங்கள் பட்ட வேதனை விளங்கும். யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில்தான் வெளி இரத்தத்தில் மிகுதியாகத் தென்படும். ஆகவே இரவில் இரத்தம் எடுத்துச் சோதிப்பதே மரபு. கால் வீங்காமல், காய்ச்சல் இல்லாமல், எந்தக் குறியும் வெளியே தெரியாமல் ஒருவர் பல ஆண்டுகள் அதைத் தம் குருதியில் சுமந்திருக்க முடியும். ஒருவரைத் தொட்டதால் மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. கொசு வேண்டும், நெடுங்காலமும் வேண்டும். நலமாக நடமாடும் மனைவி, விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தால், போகத் தகாதவர் ஆகிவிடலாம். கணவரும் பிள்ளைகளும் தகுதி பெற்றிருப்பர். அந்த வீட்டில் அன்றிரவு என்ன பேசியிருப்பார்கள்? அதற்குப் பதிவு ஏதும் இல்லை. ஆனால் இன்று நேர்காணல் முடிந்து வெறுங்கையோடு வெளியே வரும் ஒரு மனைவியும், வாசலில் நிற்கும் கணவரும் பேசிக்கொள்வதிலிருந்து அது பெரிதும் வேறுபட்டிருக்காது.

இவர்களுக்காக வழக்காடியவர் ஜூ டவுனைச் சேர்ந்த ஏ. பி. சாலம் (1882–1967). அவருடைய வாழ்வே மறுக்கப்பட்ட வாசல்களின் கதை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர் என்று கருதப்பட்ட குலத்தில் பிறந்ததால், தம் தெருவில் உள்ள பரதேசி ஆலயத்திலேயே சம உரிமை பெறாமல் வளர்ந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். காந்தியடிகளின் வழியில் ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். யூத காந்தி என்று அவரை அழைத்தனர். 1950இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பம் ஒன்றின் பெண்ணை மணக்க விரும்பியபோது, கொச்சியில் அத்திருமணம் நடைபெற இயலாமல் மணமக்கள் பம்பாய்க்குச் சென்று மணம் புரிந்தனர். ஒரு திருமணத்தை மெய்யான திருமணம் என்று பிறரை ஏற்கச் செய்வது எவ்வளவு கடினம் என்பதைச் சாலம் தம் வீட்டுக்குள்ளேயே கண்டவர்.

1953இல் அவர் இஸ்ரேலுக்குச் சென்று கொச்சி யூதர்களுக்காக அதிகாரிகளிடம் பேசினார். போய்விடுவோம் என்ற நம்பிக்கையில் வீட்டையும் கடையையும் விற்றுவிட்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்த குடும்பங்கள் அப்போது இருந்தன. இறுதியில் மருத்துவ அச்சம் தணிந்தது, தடை தளர்ந்தது. 1953க்கும் 1955க்கும் இடையே பெரும்பாலோர் பம்பாய் வழியாகப் புறப்பட்டனர். மாளை யூதர்கள் தங்கள் ஆலயத்தையும் இடுகாட்டையும் ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார்கள். எருசலேம் அருகே உள்ள மலைகளிலும், நெகேவ் வறண்ட நிலத்தில் நெவாதிம் என்னும் சிற்றூரிலும் அவர்கள் குடியேறினர். மட்டாஞ்சேரிக் கடவும்பாக ஆலயத்தின் மர வேலைப்பாடுகள் இன்று எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உள்ளன. இங்கே கைவிடப்பட்ட அக்கட்டடம் 2019 செப்டம்பர் மழையில் இடிந்தது. சாலம் போகவில்லை. கொச்சியிலேயே இருந்து இங்கேயே மறைந்தார். மட்டாஞ்சேரியில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பரதேசிகளின் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அது வங்கித் துறையினருக்கு நன்கு விளங்கக் கூடியது. அவர்களிடம் சொத்து இருந்தது. அந்நாளைய அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டின் கீழ் அச்சொத்தை விற்ற பணத்தை நாட்டுக்கு வெளியே தாராளமாகக் கொண்டுசெல்ல இயலாது. ஆளுக்கு வழி திறந்திருந்தது, பணத்துக்குத் திறக்கவில்லை. பலர் காத்திருந்தனர். இருபது ஆண்டுகள் கழித்துப் போனவர்களும் உண்டு, போகாமலே இருந்துவிட்டவர்களும் உண்டு. கைத்தையல் வேலைப்பாட்டுக் கடை வைத்து அத்தெருவில் வாழ்ந்த சாரா கோகன் அம்மையார் 2019இல் தமது 96ஆம் வயதில் காலமானபோது, அங்கே எஞ்சியிருந்த பரதேசி யூதர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

மேசைக்கு அப்பால் இருப்பவர்

இன்றைய கணவன் மனைவியருக்கு வருவோம். காலம் மாறினாலும் கேள்வியின் அமைப்பு மாறவில்லை: இருவரில் ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே, உள்ளே இருப்பவரின் உரிமை வெளியே இருப்பவரை அழைத்துவரும் அளவுக்கு நீளுமா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூன் 21 அன்று இதற்கு அளித்த விடை கடுமையானது. முனோஸ் என்ற அமெரிக்கக் குடிமகளின் கணவர் எல் சால்வடோர் நாட்டவர். அங்குள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல் நடந்த பின் அவருக்கு விசா மறுக்கப்பட்டது. அவர் உடலில் இருந்த பச்சைக் குத்துக்களும் அந்தச் சந்தேகத்தில் இடம்பெற்றன என்பது பின்னர் வழக்கில் வெளிவந்தது. மனைவி தொடுத்த வழக்கில், அயல்நாட்டவரான கணவரை நாட்டுக்குள் அனுமதிக்குமாறு கோரும் அடிப்படை உரிமை குடிமகளுக்கு இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். தூதரக அதிகாரியின் முடிவை நீதிமன்றங்கள் பொதுவாக மறு ஆய்வு செய்வதில்லை என்ற பழைய கோட்பாடு அங்கே இன்னும் வலுவாக நிற்கிறது.

பிரிட்டனின் கதை நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1980களில் அங்கு குடியிருந்த பெண்கள் தம் கணவரை அழைக்க விண்ணப்பித்தால், அத்திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி மெய்ப்பிப்பது? நம் துணைக்கண்டத்தின் அலுவலகங்களில் மணமகன்கள் நெடுநேரம் வினவப்பட்டனர். அப்துல்அஜீஸ், கபாலெஸ், பல்கந்தாலி என்ற மூன்று பெண்கள் தொடுத்த வழக்கில், மனைவியை அழைப்பது ஆண்களுக்கு எளிதாகவும் கணவரை அழைப்பது பெண்களுக்குக் கடினமாகவும் இருப்பது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1985 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அரசு என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்கு எளிதாக்கவில்லை, ஆண்களுக்கும் கடினமாக்கிச் சமன் செய்தது! முதன்மை நோக்க விதி 1997 ஜூனில்தான் கைவிடப்பட்டது. இப்போது அங்கே அந்த இடத்தில் நிற்பது வருமான வரம்பு. 2012இல் ஆண்டுக்கு 18,600 பவுண்டாக விதிக்கப்பட்ட அது, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டாக உயர்ந்துள்ளது. வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதாயின் 88,500 பவுண்டு, ஆறு மாதங்கள் தொடர்ந்து கையிருப்பில் இருந்திருக்க வேண்டும். நேற்று உறவினரிடம் கைமாற்றாக வாங்கிக் கணக்கில் போட்ட தொகை இங்கே உதவாது.

வளைகுடா நாடுகளில் அளவுகோல் வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தில் மனைவியை அழைக்க மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும் என்பது நெடுநாளைய விதி. வேலைக்குச் செல்பவர்களுக்கு ஊரிலேயே மருத்துவச் சோதனை. என்றோ ஆறிப்போன காசநோயின் தழும்பு மார்பு ஊடுகதிர்ப் படத்தில் தென்பட்டு, தகுதியற்றவர் என்ற முத்திரை விழுந்த குடும்பங்களை மட்டாஞ்சேரியில் மட்டுமல்ல, கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் காணலாம். கொச்சி யூதர்களின் இரத்தத் துளி வேறு வடிவத்தில் தொடர்கிறது. ஜெர்மனியோ 2007 முதல் துணைவர் விசாவுக்கு முன்பே அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்கிறது. புதுமணப்பெண்கள் பலர் மணமான மறுமாதமே இலக்கண வகுப்பில் அமர்வது இதனால்தான்.

நேர்காணலுக்கு முன்

அமெரிக்காவுக்கு நிலையாகக் குடியேறும் துணைவருக்கான நேர்காணல் இந்தியாவில் மும்பையில் நடைபெறுகிறது. மாணவர், பணியாளர் ஆகியோரின் துணைவருக்கான தற்காலிக விசாக்களுக்குச் சென்னை, ஐதராபாத் முதலிய துணைத் தூதரகங்களும் உண்டு. சில நிமிடங்களே நீடிக்கும் அந்த உரையாடலுக்கு மாதக்கணக்கில் மனப்பாடம் செய்வதைப் பலர் வழக்கமாகக் கொண்டுள்ளனர். அது பயனற்றது மட்டுமன்று, தீங்கானது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. ஒப்பித்த விடைக்கு ஒப்பித்த ஓசை உண்டு. நாள்தோறும் பலரை வினவும் அதிகாரிக்கு அது உடனே கேட்டுவிடும். கணவரின் அலுவலகப் பணி என்ன என்று கேட்டால் தெரிந்த அளவு சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். மணமாகி இரண்டு மாதங்களே கூடி வாழ்ந்த ஒரு பெண்ணுக்குக் கணவரின் மேலாளர் பெயர் தெரியாதது இயல்பே. தமிழில் பேச வாய்ப்பிருந்தால் தமிழிலேயே பேசுவது நன்று. தடுமாறும் ஆங்கிலத்தில் எளிய உண்மையும் பொய்போல் ஒலிக்கும்.

ஒத்திகைக்குச் செலவிடும் நேரத்தை ஆவணங்களுக்குச் செலவிடலாம். திருமணப் பதிவு முதலாவது. கேரளத்தில் 2008 விதிகளின்படியும், தமிழ்நாட்டில் 2009 சட்டத்தின்படியும் எல்லாச் சமயத்தவரும் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ தரப்படும் சான்று மட்டும் போதும் என்று இருந்துவிடுவோர் இன்னும் பலர்.

அடுத்தது பெயர். இது தமிழர்களுக்கே உரிய தொல்லை. மணத்துக்கு முன் தந்தையின் தலையெழுத்து, மணத்துக்குப் பின் கணவரின் தலையெழுத்து. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, கடவுச்சீட்டில் அந்த எழுத்து விரிந்து குடும்பப் பெயராகி நிற்கும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை இடுவது என்று தெரியாமல் தந்தையின் பெயரை இட, அயல்நாட்டு அதிகாரி மகளைத் தந்தையின் பெயராலேயே கூப்பிடும் வேடிக்கையும் நடக்கிறது. கேரளத்து வீட்டுப் பெயர்களும் இதே குழப்பத்தைத் தரும். நேர்காணல் தேதி வருவதற்கு முன்பே எல்லா ஆவணங்களிலும், வங்கிக் கணக்கு உட்பட, பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது அறிவுடைமை. திருத்த முடியாததற்கு இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்து வைக்கலாம்.

வங்கி ஆவணங்களுக்கு இங்கே ஒரு தனி மதிப்பு உண்டு. திருமணம் மெய்யானது என்பதற்கு ஒளிப்படங்களைவிட நாட்கள் பொறித்த பணப் பரிமாற்றம் வலுவான சான்று. மாதந்தோறும் கணவர் அனுப்பிய தொகை, அதிலிருந்து மனைவி கட்டிய வீட்டு வாடகை, மாமியாரின் மருத்துவச் செலவு, நகைக்கடன் தவணை: இவை சேர்ந்து ஒரு குடும்பம் நடப்பதைத் தாமே சொல்லிவிடும். நண்பர் வழியாகவோ கைப்பணமாகவோ அனுப்பும் பணத்துக்கு இந்தச் சாட்சி கிடையாது. வெளிநாட்டில் இருப்பவரின் என்.ஆர்.இ. கணக்கில் இந்தியாவில் உள்ள துணைவரை 'முன்னவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில் இணைக்க முடியும். முன்னவர் இருக்கும் காலத்தில் துணைவர் அதிகாரப் பத்திரத்தின் பேரில் உள்நாட்டுச் செலவுகளுக்கு அதை இயக்கலாம். கணக்கு அறிக்கை கேட்கப்படும்போது, கடைசி வாரத்தில் திடீரெனப் பெருந்தொகை வந்து விழுந்திருந்தால் அதன் மூலத்தைக் காட்டும் தாளும் உடன் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. பொய் ஆவணம். தரகர்கள் இதைச் சாதாரணமாகச் சொல்வார்கள்; விளைவைச் சுமப்பவர்கள் அவர்கள் அல்லர். தவறான தகவல் கண்டறியப்பட்டால் கனடாவில் 5 ஆண்டுகள், பிரிட்டனில் 10 ஆண்டுகள் வரை தடை. அமெரிக்காவில் அத்தடை வாழ்நாள் முழுவதற்கும் நீளக் கூடும். மெய்யான திருமணத்தைப் பொய்த் தாளால் கெடுத்துக்கொண்டவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

வீட்டை விற்பது, வேலையை விடுவது, பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழை வாங்குவது, வைப்புத்தொகையை முறிப்பது ஆகியவை விசா கடவுச்சீட்டில் ஏறிய பிறகே. அமெரிக்கத் தூதரகங்களே இதை விண்ணப்பதாரர்களுக்கு அறிவுறுத்துகின்றன. 1950களில் அவசரமாக விற்றுவிட்டுத் தெருவில் நின்ற மலபார் யூதக் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல எவரும் இருக்கவில்லை. கணக்கை மூடவும் தேவையில்லை; துணைவர் வேலைக்கோ குடியேறவோ வெளிநாடு சென்றதும் அவருடைய உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றித் தருமாறு கிளையில் எழுதித் தந்தால் போதும்.

மறுப்புக் கடிதம்

மறுப்பு வந்தால்? முதலில் அது மறுப்புதானா என்று பார்க்க வேண்டும். அமெரிக்க நேர்காணலில் 221(ஜி) என்ற பிரிவைக் குறிப்பிட்டுத் தரப்படும் தாள் பெரும்பாலும் இன்னும் ஆவணம் வேண்டும், அல்லது ஆய்வு முடியவில்லை என்பதையே சொல்கிறது. அதைக் கண்டதும் எல்லாம் முடிந்தது என்று அழுதவர்கள் சில வாரங்களில் விசா பெற்றதுண்டு. பல மாதங்கள் காத்திருந்ததும் உண்டு. 214(பி) வேறு. அது, திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை என்று அதிகாரி சொல்வது. மாணவரின் துணைவர் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. இதற்கு மேல்முறையீடு கிடையாது. சூழ்நிலை மாறியபின் மீண்டும் விண்ணப்பிக்கலாம், கட்டணமும் மீண்டும் செலுத்த வேண்டும். கனடாவில் துணைவர் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அழைத்தவர் 30 நாட்களுக்குள் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லலாம். அதிகாரி எழுதிவைத்த குறிப்புகளையும் கேட்டுப் பெற முடியும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மணமுடித்து டொரண்டோவுக்குத் துணையை அழைக்கும் ஈழத் தமிழர்கள் இந்த வழியை நன்கு அறிவார்கள். பிரிட்டனுக்கு வெளியிலிருந்து மேல்முறையீடு செய்ய 28 நாட்கள். இந்த நாட்கள் துக்கத்திலேயே கழிந்துவிடுகின்றன என்பதுதான் நடைமுறைச் சிக்கல். கடிதம் வந்த நாளையே நாட்காட்டியில் குறித்து, கடைசி நாளையும் குறித்துவிட்டுப் பிறகு அழுதால் தவறில்லை.

அடுத்த முறை எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி வரும். ஆம் என்று எழுதி, ஏன் என்பதையும் ஓரிரு வரியில் எழுதலாம். மறைப்பதே மறுப்பைவிடப் பெரிய குற்றமாகிவிடும்.

இனி, படிவங்களில் இடம்பெறாத ஒன்று. நேர்காணலில் விடை சொன்னவர் மீதே வீட்டார் பழி போடுவது நம்மிடையே மிகவும் சாதாரணம். "அந்தக் கேள்விக்கு ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று கணவர் தொலைபேசியில் ஒரு முறை கேட்பார், மாமியார் பத்து முறை கேட்பார், திருமணத்துக்கு வந்த தூரத்து அத்தையும் கேட்பார். மறுப்பு அவளுடைய குறையாகிவிடுகிறது. ராசி, நேரம் என்று பேச்சு வேறு திசைக்கும் போகும். ஆனால் முடிவுகள் பெரும்பாலும் கணவரின் வருமானத்தை, அவருடைய விசாவின் தன்மையை, முந்தைய பயண வரலாற்றை ஒட்டியே அமைகின்றன. மேசை முன் நின்றவர் அந்த முழுக் கோப்பின் முகம் மட்டுமே. ஆண்கள் மறுக்கப்படும் குடும்பங்களில் இதே சுமை வேறு வடிவம் கொள்கிறது. மனைவி செவிலியராக அயர்லாந்திலோ பிரிட்டனிலோ பணிபுரிய, கணவர் ஊரில் காத்திருக்கும் வீடுகள் கேரளத்தில் நிறைய. வேலையை ஏற்கெனவே விட்டுவிட்ட அவர் தேநீர்க் கடைக்குச் செல்வதையே நிறுத்திவிடுகிறார், "எப்போது புறப்பாடு?" என்ற கேள்விக்கு அஞ்சி.

இத்தகைய குடும்பங்களோடு பழகியதில் ஒரு வழக்கம் உதவுவதைக் காண முடிந்தது. முடிவு வருவதற்கு முன்பே, இருவரும் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், மறுத்தால் என்ன செய்வது என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது. எத்தனை மாதம் காத்திருப்போம்? ஆண்டுக்கு எத்தனை முறை ஒருவர் மற்றவரைக் காண வருவது, அதற்கான பயணச் செலவை எந்தக் கணக்கில் மாதந்தோறும் ஒதுக்குவது? இரண்டாம் முறையும் மறுத்தால் போனவர் திரும்பி வருவாரா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் வாய்விட்டுக் கேட்பதே இல்லை. அபசகுனம் என்று தவிர்க்கிறார்கள். கேட்டுவிட்டவர்களுக்குக் கடிதம் வரும் நாள் சற்று இலேசாக இருக்கிறது. அதற்கென ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கிய தம்பதியர் உண்டு. விசா முதல் முறையே கிடைத்துவிட, அந்தப் பணத்தில் போர்வையும் குளிராடையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

விசா கிடைத்தவர்கள் அதில் அச்சிட்டுள்ள கடைசி நாளை மறவாமல் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்ற விசா பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் செல்லாது. அதற்குள் அந்நாட்டில் நுழைந்தாக வேண்டும். விமானச் சீட்டு மலிவாகும் மாதம் வரட்டும் என்று தள்ளிப்போடுவோர், அந்தக் கடைசி நாள் பெரும்பாலும் நேர்காணல் நடந்த நாளை அல்ல, மருத்துவச் சோதனை செய்துகொண்ட நாளையே ஒட்டிக் கணக்கிடப்படுகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது.